ஆளுக்கொரு கொடி, ஊருக்கொரு குண்டு

அமெரிக்கா விடுதலை பெற்றதில் எங்கள் கடலூருக்கும் ஒரு பங்கு உண்டு. ஜூலை 4-ஆம் தேதி வாணவேடிக்கை விடும்போது அவர்கள் எங்களை நினைப்பதில்லை. நாங்களும் அதைப் பெரிதாக மனத்தில் வைத்துக்கொள்வதில்லை.

சிரிக்க வேண்டாம். அமெரிக்க சுதந்திரப் போரின் கடைசிச் சண்டை எது என்று கேட்டால், வரலாற்றாசிரியர்கள் பலர் கை நீட்டுவது 1783 ஜூன் மாதம், கத்திரி முடிந்தும் அடங்காத வெயிலில், கடலூர் ஓ.டி.யைச் சுற்றி நடந்த அடிதடியைத்தான். (முதுநகர் என்று அரசாங்கம் போர்டு வைத்துவிட்டது. ஆட்டோக்காரருக்கு ஓ.டி. என்றால்தான் விளங்கும்.) அந்தச் சண்டையை அமெரிக்கர் யாரும் வந்து எட்டிப் பார்த்ததாகத் தகவல் இல்லை. கடலூர்க்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகவும் தகவல் இல்லை.

இதை இப்போது கிளறுவதற்குக் காரணம் இருக்கிறது. மஞ்சக்குப்பம் மைதானத்தில் எந்தக் கட்சி மேடை போட்டாலும், ஒரு பேச்சாளராவது மைக்கைப் பிடித்து, உலகமயம் வந்து நம் அடையாளத்தை விழுங்கிவிட்டது என்று முழங்காமல் இறங்குவதில்லை. கூட்டத்தில் நிற்பவர் முந்திரி பக்கோடாவை மென்றபடி தலையாட்டுகிறார். அந்த முந்திரிக்குப் பூர்வீகம் பிரேசில். போர்த்துகீசியர் கப்பலில் ஏற்றிவந்து இறக்கியது. பண்ருட்டிச் செம்மண்ணில் அது நிற்கிற நிமிர்வைப் பார்த்தால், கரிகாலன் நட்டது என்று சத்தியம் செய்யத் தோன்றும். இப்போது உள்ளூர் விளைச்சல் போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. பண்ருட்டியில் தோலுரிந்ததும் அது பண்ருட்டி முந்திரியாகிவிடுகிறது. இங்கே யார் யாரை விழுங்கினார்கள் என்று பேச்சாளரிடம் கேட்டால் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்பார்.

என் கட்சி வேறு. இந்த ஊர்ப்பக்கம் தேசம் என்பது வெகுகாலம் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட சட்டையாகத்தான் இருந்தது. போட்டவர்களுக்கே அது அளவாக இல்லை. நம்புவதற்குக் கடினமாக இருந்தால், 1690-இலிருந்து ஆரம்பிப்போம்.

அந்த வருஷம் செஞ்சிக் கோட்டையில் ராஜாராம் உட்கார்ந்திருக்கிறார். சிவாஜியின் இளைய மகன். மகாராஷ்டிரத்தில் இருக்க முடியாமல் இங்கே வந்து சேர்ந்தவர். பின்னாலேயே ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் முற்றுகைக்கு வந்துகொண்டிருக்கிறார். முற்றுகை என்றால் செலவு. கஜானா காலி. கையில் காசில்லாத ராஜா எதை விற்பார்? கடற்கரையை விற்பார். கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் ஒரு சிறு கோட்டை சும்மா கிடந்தது. அதை ஆங்கிலேயக் கும்பினிக்குப் பேசி முடித்தார்.

வாங்கும் தரப்பில் கையெழுத்து அதிகாரம் மெட்ராஸ் கவர்னர் எலிஹு யேல். பூர்வீகம் வேல்ஸ். பிறந்தது அமெரிக்காவின் பாஸ்டன். வேலை லண்டன் கும்பினிக்கு. ஆக, மராட்டிய ராஜா ஒருவர், நாயக்கர்களிடமிருந்து பீஜப்பூர்க்காரர்கள் பிடித்து, அவர்களிடமிருந்து தன் தகப்பனார் பிடித்த கோட்டையில் உட்கார்ந்துகொண்டு, தமிழ் மீனவர்களின் குப்பத்தை, பாஸ்டனில் பிறந்த வேல்ஸ்காரருக்கு விற்றார். பத்திரத்தில் சாட்சியாக ஒரு சீனரும் இருந்திருந்தால் ஐக்கிய நாடுகள் சபையை அன்றைக்கே தொடங்கியிருக்கலாம்.

விலையில் கோட்டை மட்டும் சேர்த்தியில்லை. கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதுவரைக்கும் உள்ள நிலமும் சேர்த்தி. இன்றைக்கு மனை விற்கிறவர்கள் ‘கூப்பிடு தூரத்தில் பைபாஸ்’ என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். கூப்பிடுகிறவருக்கு எவ்வளவு தொண்டை என்று யாரும் கேட்பதில்லை. யேல் அந்த நுணுக்கம் தெரிந்தவர். மெட்ராஸிலிருந்து கைதேர்ந்த பீரங்கிக்காரரை அனுப்பிவைத்தார். மருந்தை எப்படிக் கெட்டித்து, வாயை எவ்வளவு தூக்கி வைத்தால் நமக்கு லாபமோ, அது சுடுகிறவன் சாமர்த்தியம் என்கிற பொருளில் எழுதியும் அனுப்பினார். நில அளவைத் துறை வரலாற்றில் இவ்வளவு வெளிப்படையான கடிதம் அதற்கு முன்னும் பின்னும் எழுதப்பட்டிருக்காது.

செப்டம்பர் மாதம் சுட்டார்கள். ஒரு திசையோடு விடவில்லை, சுற்றிச் சுற்றிச் சுட்டார்கள். விழுந்த இடம்வரை கும்பினி பூமி.

உப்பலவாடிப் பக்கம் ஒருவர் அன்று காலை ராஜாராமின் குடியாக வயலுக்குப் போயிருப்பார். தலைக்கு மேல் ஏதோ சத்தம். நிமிர்ந்து பார்த்திருப்பார். மதியம் கஞ்சிக் கலயத்தைத் திறக்கும்போது அவர் இங்கிலாந்துக் கும்பினியின் குடி. விண்ணப்பம் இல்லை, கைரேகை இல்லை, ஆறு மாதத்து பேங்க் ஸ்டேட்மென்ட் இல்லை. இவ்வளவு வேகமாகக் குடியுரிமை வழங்கும் தூதரகம் இன்றுவரை திறக்கப்படவில்லை. ஊருக்குக் குண்டு உப்பலவாடி என்றே பெயர் நின்றுவிட்டது. இப்படி அகப்பட்ட ஊர்கள் எல்லாமே குண்டு கிராமங்கள் ஆயின. கடலூரில் குண்டு சாலை இன்றும் இருக்கிறது. அதில் உள்ள பள்ளங்களுக்கு யேல் பொறுப்பில்லை.

கோட்டைக்குப் புனித டேவிட் என்று பெயர் வைத்தார்கள். டேவிட் வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர். யேலுக்குச் சின்ன வயதில் இறந்துபோன டேவிட் என்ற மகனும் உண்டு. எந்த டேவிட்டை நினைத்து வைத்தாரோ, கருவாடு காயும் மணலுக்கு ஒரு வேல்ஸ்காரர் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. ஊழல் புகார்களுக்கு நடுவே 1692-இல் யேலின் கவர்னர் பதவி போனது. சேர்த்த பணம் போகவில்லை. 1718-இல் அமெரிக்காவில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 புத்தகங்களும், ராஜா முதலாம் ஜார்ஜின் படமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. அந்தத் தொகைக்குக் கல்லூரி தன் பெயரையே மாற்றிக்கொண்டது. அதுதான் யேல் பல்கலைக்கழகம். நம் ஊரில் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்துவிட்டு, வெளிச்சம் வெளியே வராதபடி உபயம் எழுதுகிறவர்கள் இவரைக் குலகுருவாக வைத்துக் கும்பிடலாம்.

இந்த யேலில் 1773-இல் படித்து முடித்த நேதன் ஹேல் என்ற இளைஞனை, அமெரிக்க ஒற்றன் என்று 1776-இல் ஆங்கிலேயர்கள் தூக்கில் போட்டார்கள். கும்பினிக்குக் கோட்டை வாங்கிக் கொடுத்தவரின் பெயர் தாங்கிய கல்லூரி, கும்பினியின் ராஜாவுக்கு எதிராக ஒரு தியாகியைத் தயாரித்துவிட்டது. கணக்கு அப்போதே குழம்ப ஆரம்பித்தது.

நடுவில் வந்துபோனவர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்தார்கள். கும்பினியின் தலைமையிடம் கடலூருக்கு வந்தது. 1752 வரைக்கும் நாங்கள்தான் தலைநகரம்; அதற்கான எந்த வசதியும் செய்து தரப்படவில்லை, அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. மெட்ராஸிலிருந்து தப்பி வந்தவர்களில் ராபர்ட் கிளைவ் என்ற இருபத்தொரு வயது குமாஸ்தாவும் உண்டு. உள்ளூர்க்காரர் மாதிரி வேஷம் போட்டு, முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு புனித டேவிட் கோட்டைக்கு ஓடிவந்தார். இந்தியராக வேஷம் போட்டு உயிர் பிழைத்தவர், பிறகு நடந்துகொண்டதைப் பார்த்தால் அந்த வேஷத்துக்கு நன்றி பாராட்டியதாகத் தெரியவில்லை.

1758-இல் பிரெஞ்சுப் படையோடு லாலி வந்தார். அப்பா அயர்லாந்துக்காரர், ஆங்கிலேயர்மேல் பரம்பரைப் பகை, பிறந்தது பிரான்சில். ஏப்ரல் கடைசியில் புதுச்சேரியில் கால் வைத்தவர், ஜூன் 2-ஆம் தேதி புனித டேவிட் கோட்டையைப் பிடித்து, இடித்துத் தரைமட்டமாக்கினார். 1760-இல் வந்தவாசியில் இவரைத் தோற்கடித்தவர் ஐர் கூட். அவரும் அயர்லாந்தில் பிறந்தவர். இந்தியா ஆங்கிலேயருக்கா பிரெஞ்சுக்காரருக்கா என்பதை வந்தவாசிப் புழுதியில் இரண்டு அயர்லாந்துக் குடும்பத்தார் பேசி முடித்தார்கள். தோற்றுப்போன லாலியைத் துரோகி என்று சொல்லி 1766-இல் பாரிஸில் தலையை வெட்டினார்கள். ஆங்கிலேயரை அவ்வளவு வெறுத்த மனிதரை, ஆங்கிலேயருக்கு விலைபோனவர் என்று பிரான்ஸ் கொன்றது. அடையாளச் சிக்கல் என்று சொல்கிறார்களே, அது கழுத்துவரைக்கும் வரும்.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் கும்பினியின் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். கலகம் முற்றிப் போரானது. 1778-இல் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் சேர்ந்தது. சேர்ந்த செய்தி இங்கே வந்ததும், ஆங்கிலேயர்கள் புதுச்சேரிமேல் பாய்ந்து அக்டோபரில் பிடித்தார்கள். அடுத்த வருஷம் மாஹேயையும் பிடித்தார்கள். மாஹே வழியாகத்தான் மைசூர் ஹைதர் அலிக்கு ஆயுதம் வந்துகொண்டிருந்தது. ஹைதர் 1780-இல் மலையிறங்கி ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்தார். பாஸ்டனில் தேயிலை நனைந்ததற்குக் கடலூரில் கூரை எரிந்தது. உலகமயத்தின் தத்துவம் இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

சிதம்பரமும் தப்பவில்லை. நடராஜருக்கு வெளியூர்ப் பழக்கம் அதற்கு முன்பே உண்டு. கம்போஜ நாட்டு ராஜா முதலாம் குலோத்துங்கனுக்குக் காட்டிய அபூர்வக் கல்லைக் கோயிலில் பதித்த செய்தி 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. 1648-இல் படையெடுப்புப் பயத்தில் தீட்சிதர்கள் நடராஜரைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, குடுமியான்மலை, மதுரை என்று வைத்துக் காப்பாற்றி, 1686-இல், மராட்டிய சம்பாஜியின் காலத்தில், திரும்பக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 38 வருஷம் ஆடலரசரே அகதி. அந்த வருஷங்களில் ‘நிரந்தர முகவரி’ என்ற இடத்தில் அவர் எதை எழுதியிருப்பாரோ.

ஹைதருக்குக் கோயில் வேறு விதமாகத் தெரிந்தது. உயரமான மதில், உள்ளே தண்ணீருக்குச் சிவகங்கைக் குளம், நெல் கொட்டிவைக்க மண்டபங்கள். படையைக் கொண்டுபோய் உள்ளே வைத்தார். 1781 ஜூன் 18-ஆம் தேதி அதே ஐர் கூட், வயதாகி, உடம்பு முடியாமல், கோயிலைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். மைசூர் சுல்தானின் வீரர்கள் சிவன் கோயில் மதிலுக்குப் பின்னால் நின்று, அயர்லாந்துக்காரர் நடத்திய ஆங்கிலப் படையை விரட்டியடித்தார்கள். மதத்தை வைத்து வரலாற்றைப் பிரித்து அடுக்குகிறவர்கள் இந்த நாளை எந்தத் தட்டில் வைப்பார்கள் என்று பார்க்க ஆசை. இன்னொரு தற்செயல்: 2004-இல் இதே ஜூன் 18-ஆம் தேதிதான் ஜெனீவாவில் செர்ன் அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில், இந்திய அரசு கொடுத்த ஆளுயர நடராஜரைத் திறந்துவைத்தார்கள். சுவிஸ் குளிரில் அவர் வெறும் புலித்தோலோடுதான் நிற்கிறார். சளி பிடித்ததாகச் செய்தி இல்லை.

கூட் தோற்றுப்போன பதின்மூன்றாம் நாள், ஜூலை 1-ஆம் தேதி, பரங்கிப்பேட்டைப் போரில் ஹைதரைத் தோற்கடித்துப் பழி தீர்த்துக்கொண்டார். 1782 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்தார்கள். ஜூலையில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரென் கரையிறங்கி ஹைதரைப் பார்க்க வந்தார். ஆள் உருண்டு திரண்ட உடம்பு. சம்மணம் கொட்டவே வராது. தர்பார் மரியாதையெல்லாம் கிடக்கட்டும், உங்களுக்கு எப்படி வசதியோ அப்படி உட்காருங்கள் என்று ஹைதர் மெத்தைகளைப் போடச் சொன்னாராம். இரண்டு நாட்டு உறவில் இதைவிட மரியாதையாக நடந்த சந்திப்பு எனக்குத் தெரிந்து இல்லை. டிசம்பரில் ஹைதர் காலமாகிவிட்டார். மகன் திப்பு மலபார்ப் பக்கம் போய்விட்டார்.

1783-க்கு வந்துவிட்டோம். கடலூருக்குள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. இளமையில் தக்காணத்தை ஆட்டிப் படைத்தவர். இப்போது அறுபதைத் தாண்டி, கீல்வாதம் முற்றி, பல்லக்கில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அவரைப் பிடிக்க மெட்ராஸிலிருந்து கிளம்பியவர் மேஜர் ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அவருக்குப் பொள்ளிலூர்ச் சண்டையில் ஒரு கால் போய்விட்டது. உள்ளே இருப்பவரால் நடக்க முடியாது. வெளியே இருப்பவருக்கு நடக்கக் கால் போதாது. இவர்கள் இருவரையும் நம்பித்தான் அமெரிக்க விடுதலையின் கடைசி அத்தியாயம் காத்திருந்தது.

ஸ்டூவர்ட் மெட்ராஸிலிருந்து கடலூர் வந்து சேர ஏறக்குறைய 40 நாள் எடுத்துக்கொண்டார். இன்று கிளாம்பாக்கத்தில் ஏறினால், திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தியும், நாலரை மணி நேரம். கவர்னர் மெக்கார்ட்னி கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதித் துரத்தினார். ஸ்டூவர்ட் அசையவில்லை. அவர் கவர்னர்களுக்கு அஞ்சுகிற ஆள் இல்லை. 1776-இல் பிகட் பிரபு என்ற கவர்னரையே மெட்ராஸில் கைது செய்து உள்ளே வைத்த அனுபவஸ்தர்.

வெளியே நின்ற படையில் ஸ்காட்லாந்து மலைக்காரர்கள் இருந்தார்கள். பாவாடைக்காரர்கள் என்று நம்மவர்கள் நிச்சயம் ஒரு பேர் வைத்திருப்பார்கள். ஹனோவர் ஜெர்மானியர்கள் இருந்தார்கள். இங்கிலாந்து ராஜாவுக்கு ஜெர்மனியில் ஹனோவரும் சொந்தம் என்பதால், அங்கே பிறந்த குற்றத்துக்காகக் கெடிலம் ஆற்றங்கரையில் வந்து கொசுக்கடி பட்டார்கள். வங்காளத்துச் சிப்பாய்கள் இருந்தார்கள். மெட்ராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள். உள்ளே பிரெஞ்சுக்காரர்கள், மைசூர்க்காரர்கள், புதுச்சேரிச் சிப்பாய்கள். இரவில் காவலுக்கு நிற்கும்போது இருட்டில் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கும். ஆவணத்தில் இல்லை, நடக்கவில்லை என்று நிரூபிக்கவும் யாராலும் முடியாது.

“யாரது அங்க? தமிழா?”

“ஆமாண்ணே. நெல்லிக்குப்பம்.”

“அட, நமக்குத் திருவந்திபுரம்டா. எந்தப் பக்கம் நிக்கிற?”

“பிரெஞ்சுக்காரன் பக்கம்ணே. நீங்க?”

“இங்கிலீஷ்காரன் பக்கம். ஏண்டா தம்பி, எதுக்குச் சண்டைன்னு உங்காளுங்க ஏதாவது சொன்னாங்களா?”

“அமெரிக்கான்னு ஏதோ ஒரு ஊராம்ணே. அதுக்கு.”

“அது எங்கடா இருக்கு, விருத்தாசலம் தாண்டியா?”

“தெரியலைண்ணே. சம்பளம் வந்துச்சா உங்களுக்கு?”

“மூணு மாசமா இல்ல.”

“எங்களுக்கும்தாண்ணே.”

ஜூன் 13-ஆம் தேதி பெரிய சண்டை. ஆங்கிலத் தரப்பில் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர். அன்று ஸ்டூவர்ட் வென்றாரா தோற்றாரா என்பதில் இரண்டு தரப்புப் புத்தகங்களுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. 20-ஆம் தேதி கடலில் சுஃப்ரெனின் 15 கப்பலும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸின் 18 கப்பலும் மோதின. கரையில் நின்றவர்களுக்குப் புகைதான் தெரிந்திருக்கும். ஒரு கப்பல்கூட முழுகவில்லை. ஆனால் ஹியூஸ் தன் கப்பல்களைத் திருப்பிக்கொண்டு மெட்ராஸுக்குப் போய்விட்டார். ஸ்டூவர்ட் கையில் அரிசி தீர்ந்துகொண்டிருந்தது. தெம்பு வந்த பிரெஞ்சுக்காரர்கள் 25-ஆம் தேதி விடியும் முன்னே கோட்டையை விட்டு வெளியே பாய்ந்தார்கள். வங்காளச் சிப்பாய்கள் துப்பாக்கிக் கத்தியை நீட்டி நேருக்கு நேர் நின்று அவர்களைத் தள்ளி அடைத்தார்கள்.

அந்தப் பாய்ச்சலில் காயம்பட்டுப் பிடிபட்ட பிரெஞ்சு சார்ஜன்ட் ஒருவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஹனோவர் தளபதி வாங்கன்ஹைம் இரக்கப்பட்டு அவரைத் தன் கூடாரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாராம். பல வருஷம் கழித்து, நெப்போலியனின் மார்ஷல் ஒருவர் ஹனோவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, கிழவர் வாங்கன்ஹைமைக் கூப்பிட்டு, கடலூரில் ஒரு சார்ஜன்ட்டைக் காப்பாற்றினீர்களே, ஞாபகம் இருக்கிறதா, நான்தான் அது என்றாராம். அந்த மார்ஷல்தான் பெர்னதோத். 1818-இல் சுவீடன் நாட்டு ராஜாவானவர். இன்றைய சுவீடன் அரச குடும்பம் அவர் வழிதான். அந்தச் சமயம் பெர்னதோத் கடலூருக்கு வந்திருக்கவே முடியாது என்று சில ஆராய்ச்சியாளர்கள் கதையைக் கெடுக்கப் பார்க்கிறார்கள். கெடுக்கட்டும். ராஜாவாகியும் அவருக்குச் சுவீடன் பாஷை கடைசிவரை வரவில்லை என்பது மட்டும் நிஜம். ஆனால் அசல் சுவீடன்காரர் ஒருவர் கடலூரில் 1740 முதல் பாதிரியாராக இருந்தார், பெயர் கியர்நாண்டர். 1758-இல் லாலி வந்து கோட்டையைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். சுவீடன்காரர் கடலூரில், பிரெஞ்சுக்காரர் சுவீடன் சிம்மாசனத்தில். இந்த லட்சணத்தில் நம் பேச்சாளர் அடையாளம் போய்விட்டது என்று இப்போதுதான் கவலைப்படுகிறார்.

இவ்வளவு பேர் வெட்டிக்கொண்டு செத்தபோது, சமாதானம் ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தது. வெர்சாயில் ஜனவரி 20-ஆம் தேதியே இங்கிலாந்தும் பிரான்சும் பூர்வாங்க ஒப்பந்தம் போட்டுவிட்டன. ஐந்து மாதமாக உலகத்தில் இல்லாத ஒரு போருக்குக் கடலூரில் ஆள் பலி. செய்தி கப்பலில் ஆடி அசைந்து, ஜூன் கடைசியில் வெள்ளைக் கொடியோடு வந்தது. சண்டை நின்றது. பின்னால் ஒப்பந்தப்படி கடலூர் ஆங்கிலேயரிடம் திரும்பிப் போனது. யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால், அமெரிக்கா.

ஸ்டூவர்ட் கதையை முடிக்காமல் விட மனமில்லை. மெட்ராஸ் திரும்பியவரை மெக்கார்ட்னி வேலையை விட்டு நீக்கி, கைது செய்து, கப்பலேற்றினார். கவர்னரைக் கைது செய்தவரைக் கவர்னர் கைது செய்தார், சமன். ஸ்டூவர்ட் சும்மா விடவில்லை. 1786 ஜூன் 8-ஆம் தேதி லண்டன் ஹைட் பார்க்கில் இரண்டு பேரும் கைத்துப்பாக்கியோடு நேருக்கு நேர் நின்றார்கள். ஒற்றைக்காலில் நிற்க முடியாத ஸ்டூவர்ட்டை மரத்தில் சாய்த்து நிறுத்தினார்கள். சாய்ந்தபடியே சுட்டு மெக்கார்ட்னியைக் காயப்படுத்திவிட்டார். பிழைத்த மெக்கார்ட்னி 1793-இல் சீனாவுக்குத் தூதராகப் போய், பேரரசர் முன்னால் தரையில் தலைபட விழ மாட்டேன், ஒரு காலைத்தான் மடக்குவேன் என்று அடம் பிடித்தார். இங்கிலாந்தின் மானத்தை அவ்வளவு விறைப்பாகக் காத்த அந்த மெக்கார்ட்னி எந்த ஊர் என்கிறீர்கள்? அவரும் அயர்லாந்து.

பிறகு வந்த வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியைவிடச் சர்க்கரையில் லாபம் என்று கண்டுகொண்டார்கள். தாமஸ் பாரி, இன்னொரு வேல்ஸ்காரர், 1824-இல் காலரா கண்டு இறந்து கடலூர் தேவாலயத்தில் அடக்கமானார். அவர் பெயரால் 1842-இல் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வந்தது. பிற்காலத்தில் மிட்டாய் ஆலையும் வந்தது. காபி பைட்டும் லாக்டோ கிங்கும் வாயில் கரையாமல் இந்த மாவட்டத்தில் யாரும் பெரியவரானதில்லை. 1981-இல் பாரி கம்பெனி செட்டிநாட்டு முருகப்பா குழுமத்திடம் வந்தது. 2004-இல் மிட்டாய்ப் பகுதியைக் கொரியாவின் லோட்டே வாங்கியது. வேல்ஸ் பெயர், செட்டிநாட்டு முதலாளி, கொரிய முதலாளி. தாள் பிரித்து வாயில் போடுகிற பிள்ளைக்கு அது நெல்லிக்குப்பம் மிட்டாய்.

தேசம், தேசம் என்று பாடிய பாரதி, அந்தத் தேசத்தில் இருக்க முடியாமல் 1908-இல் பிரெஞ்சு ராஜ்யத்துக்குப் போய்ப் பத்து வருஷம் வாழ்ந்தார். அந்த வெளிநாடு கடலூரிலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். 1918 நவம்பரில் சொந்த நாட்டுக்குள் காலை வைத்ததும் கடலூர் அருகே கைது. இந்தியாவுக்குள் நுழைந்த குற்றத்துக்காக ஓர் இந்தியர் டிசம்பர் 14-ஆம் தேதி வரை கடலூர்ச் சிறையில் இருந்தார்.

1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஒப்படைத்துவிட்டார்கள். சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று அவகாசம் தந்தார்கள். எழுதிக் கொடுத்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்றும் பாரிஸில் யார் ஜனாதிபதியாக வேண்டும் என்று புதுச்சேரியில் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் பிரான்ஸ், தம்பி இந்தியா. பொங்கலுக்கு இரண்டு பேரும் ஒரே பானையில்தான் வைக்கிறார்கள்.

அத்தனை பீரங்கிக்கும், அத்தனை ஒப்பந்தத்துக்கும் மிச்சமாக இன்று நிற்பது பெண்ணையாற்றுப் பாலத்தை ஒட்டிய ஆல்பேட்டை சோதனைச் சாவடி. அந்தப் பக்கம் சரக்கு மலிவு, இந்தப் பக்கம் விலை அதிகம். கிளைவும் லாலியும் சுஃப்ரெனும் சேர்ந்து போட்ட எல்லைக்கோட்டைக் கடலூர் ஜனங்கள் குவார்ட்டர் விலையில் மட்டும்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறிய காவலர் ஒருவர், ஜன்னலோரம் மஞ்சப்பையை மடியில் இறுக்கி உட்கார்ந்திருந்த பெரியவரிடம் நின்றார்.

“பையில என்ன பெரியவரே?”

“இருமல் மருந்து தம்பி.”

“எடுங்க பாப்பம்.”

எடுத்தார். காவலர் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“என்ன, பாரின் சரக்கா?”

“எங்க தம்பி, பேருதான் நெப்போலியன். காய்ச்சுறது எல்லாம் இங்கதான்.”

“நெப்போலியனே நேர்ல வந்தாலும் ஆல்பேட்டையில இறங்கிட்டுத்தான் போவணும். வாங்க பெரியவரே, கீழ வாங்க.”